இராயபுரம் ரயில் நிலையத்தின் 1856 படம்: அசல் தாளா, வண்ணம் பூசியதா, முழு இதழா, புது அச்சா?

1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு இராயபுரம் ரயில் நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் அங்கிருந்து வாலாஜா ரோடு வரை பயணிகள் வண்டி ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அதுதான். செய்தி கப்பலேறி லண்டன் போய்ச் சேர, இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் வார இதழ் அதே ஆண்டில் அந்த நிலையத்தைப் படமாக வெளியிட்டது. 1853இல் முதல் வண்டி கிளம்பிய பம்பாய் போரி பந்தரின் பழைய கட்டிடம் இன்று இல்லை. இராயபுரம் நிற்கிறது. இந்தப் படத்தைப் பலரும் தேடுவதற்கு அதுவே காரணம்.

தேடும்போதுதான் குழப்பம் வரும். ‘இராயபுரம், 1856’ என்ற ஒரே பெயரில் ஐந்து வகைச் சரக்கு விற்கிறது: இதழிலிருந்து பிரித்த கறுப்பு வெள்ளைத் தாள், அதன்மேல் பிற்காலத்தில் வண்ணம் பூசிய தாள், முழு இதழ், அரையாண்டுக்கான கட்டுத் தொகுதி, அண்மையில் அடித்த நகல். கைபேசித் திரையில் ஐந்தும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆறாவதாக, நல்ல ஸ்கேன் ஒன்றிலிருந்து நீங்களே அச்செடுக்கும் வழியும் உண்டு.

சுவரில் மாட்டுவதற்கென்றால் ஸ்கேனிலிருந்து எடுத்த அச்சு. வைத்துப் பாதுகாத்து அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதற்கென்றால் வண்ணம் பூசாத ஒற்றைத் தாள். இதுதான் எங்கள் தேர்வு. மற்றவற்றுக்கும் ஆள் உண்டு, ஆனால் குறைவு.

படம் தாளில் ஏறிய விதம்

1842இல் ஹெர்பர்ட் இங்கிராம் தொடங்கிய அந்த இதழ், தன் படங்களை மரத்தில் செதுக்கி அச்சிட்டது. பாக்ஸ் மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த வழுவழுப்பான வெட்டுமுகத்தில் உளியால் கோடு கோடாக எடுப்பார்கள். பாக்ஸ் மரம் பருமனாக வளராது. ஆகவே பெரிய படம் என்றால் சின்னச் சின்னக் கட்டைகளைப் பின்புறம் போல்ட் போட்டு ஒன்றாக இறுக்குவார்கள். அவசரமான வேலைக்குக் கட்டைகளைக் கழற்றி ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்து, செதுக்கி முடித்ததும் மறுபடி பூட்டுவார்கள். பூட்டிய இடம் சற்று விலகினால் வானத்தின் குறுக்கே மயிரிழை போல ஒரு நேர் வெள்ளைக் கோடு விழும். அது மடிப்பும் இல்லை, கிழிசலும் இல்லை. அதைக் காட்டி விலை குறைக்கச் சொன்னால் விவரம் தெரிந்த வியாபாரி சிரிப்பார். அதே சமயம், அந்தக் கோடு இருப்பதாலேயே அசல் என்று முடிவுகட்டவும் கூடாது. நகலெடுத்தால் அதுவும் சேர்ந்தே வரும்.

செதுக்கியவர்கள் லண்டனில் இருந்தவர்கள். மதராசிலிருந்து வந்த கோட்டுப்படத்தைப் பார்த்துத்தான் தென்னையையும் தலைப்பாகையையும் போட்டார்கள். முன்னால் நிற்கும் கூட்டம், மரங்கள், மேகம் எல்லாம் பெரும்பாலும் செதுக்குபவரின் கைப்பழக்கத்தில் வருபவை. நிலையத்தின் தூண் எத்தனை, ஜன்னல் எத்தனை என்பதற்கு இந்தப் படத்தை ஆதாரமாக வைத்து வாதாடுவது வீண்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடலாம். அந்த இதழ் முதன்முதலில் வண்ணப் படம் தந்தது 1855 கிறிஸ்துமஸ் இணைப்பில். அதற்குப் பிறகும் வாராந்தரச் செய்திப் படங்கள் கறுப்பு வெள்ளையாகவே வந்தன. இராயபுரம் வண்ணத்தில் கிடைத்தால், அந்த வண்ணம் பின்னால் வேறொருவர் பூசியது.

வண்ணம் பூசாத ஒற்றைத் தாள்

பக்கத்தின் அளவு ஏறத்தாழ 40 × 28 செ.மீ. பின்பக்கத்தில் வேறு செய்தியோ படமோ அச்சாகியிருக்கும். அதன் நிழல் முன்பக்கத்தின் வெளிறிய வானத்தில் லேசாகத் தெரியும். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

பக்கத்தின் தலையில் இதழின் பெயரும் தேதியும் ஒரு வரியாக ஓடும். அந்த வரி முழுசாக இருக்கும் தாளையே எடுங்கள். தொகுதியாகக் கட்டும்போது பைண்டர் ஓரங்களை வெட்டுவார். சில பிரதிகளில் தேதி பாதியோடு போயிருக்கும், சிலவற்றில் கீழே உள்ள படத்தலைப்பே தட்டுப்பட்டிருக்கும். தொகுதியிலிருந்து கத்தியால் அறுத்தெடுத்த தாளின் உள்ளோரம் கோணலாக இருக்கும். அது பெரிய குறையல்ல, பிரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைக்கு, அதாவது மவுண்டுக்கு, அடியில் போய்விடும். இரட்டைப் பக்கப் படம் என்றால் நடு மடிப்பில் தையல் துளைகளையும் வெடிப்பையும் பாருங்கள். மடிப்பின் பின்னால் செலோ டேப் ஒட்டியிருந்தால் அந்தப் பிரதி வேண்டாம். டேப் உதிர்ந்தாலும் அதன் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பேறி நிற்கும். அந்தக் கறையை முழுதாக எடுப்பது பழுதுபார்ப்பு வல்லுநருக்கே கடினம்.

1850களின் தாள் நமக்குச் சாதகமானது. அப்போது கந்தல் துணிக்கூழிலிருந்துதான் அச்சுத் தாள் செய்தார்கள். 1860களில் எஸ்பார்ட்டோ புல் கூழும், அதன்பின் அரைத்த மரக்கூழும் வந்து சேர்ந்தன. அதனால் இராயபுரத் தாள், அதைவிட 40 ஆண்டு இளைய தாள்களைவிடத் திடமாக இருப்பது வழக்கம். ஆனால் மை ஊறாமலிருக்கத் தாளுக்குப் படிகாரம் சேர்த்துப் போட்ட பசைப் பதத்தினால் அமிலம் அதிலும் உண்டு. பழுப்புப் புள்ளிகள் ஈரத்தாலும் பூஞ்சையாலும் இரும்புத் துகளாலும் வருபவை. வானத்தில் நாலைந்து இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஓரம் முழுக்கக் காபி நிறத்தில் இருந்து, விரல் பட்டால் பொடிந்தால், பொறுக்கக் கூடாது.

அசல்தானா என்று சோதிக்க இரண்டு கருவி போதும்: 10 மடங்கு பெருக்கும் லென்ஸ், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். லென்ஸில் மரச்செதுக்கு அச்சின் கோடு முழுக் கறுப்பாக, விளிம்பில் மை சற்றே ஒதுங்கித் தடித்துத் தெரியும். சாம்பல் நிறம் என்று எதுவுமே இருக்காது. கோடுகளின் நெருக்கமே நிழலாகத் தோன்றும். வரிசை பிடித்த புள்ளிகள் தெரிந்தால் ஆஃப்செட் நகல், மை தெளித்த மாதிரி ஒழுங்கற்ற துகள்கள் தெரிந்தால் இன்க்ஜெட். இருட்டில் டார்ச் அடித்தால் 1856 தாள் மங்கிய மஞ்சளாகவே இருக்கும். வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்டது போல ஒளிர்ந்தால், அதில் ஒளியூட்டும் ரசாயனம் சேர்ந்திருக்கிறது. அது 1950ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ செய்த தாள். மறுபக்கம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அச்சு அழுந்திய தடம் மெல்லிதாக மேடிட்டுத் தெரியும். துவைத்து அழுத்தித் தட்டையாக்கிய தாளில் இது மங்கிப்போயிருக்கலாம். எனவே தடம் இல்லை என்பதை மட்டும் வைத்து நிராகரிக்க வேண்டாம்.

வண்ணம் பூசிய தாள்

விற்பவர் இதற்குக் கூடுதல் விலை கேட்பார். வாங்குபவர் கழித்துக் கேட்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே பேரம் படிவதில்லை என்பதால் ஒதுங்கிவிடுவதே சுலபம்.

செதுக்கியவர் நிழலையெல்லாம் கோட்டிலேயே சொல்லிவிட்டார். அதன்மேல் நீர்வண்ணம் ஏறும்போது நுண்கோடுகள் அமுங்கி, வானம் தட்டையாகிறது. பதம் தேய்ந்துபோன பழைய தாளில் வண்ணம் பின்பக்கம் வரை ஊறிவிடும். எப்போது பூசியது என்று அறிய மடிப்புகளைப் பாருங்கள்: தாள் வெடித்த இடத்துக்குள் வண்ணம் இறங்கியிருந்தால், வெடித்த பிறகு பூசியது. பழுப்புப் புள்ளியின் மேலேயே வண்ணம் உட்கார்ந்திருந்தாலும் அதே கதை. கறையை மறைக்கப் பூசுவதும் உண்டு. இவற்றை நீரில் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது, வெயிலில் வண்ணம் முதலில் வெளிறும். பெட்டிகளுக்குச் சிவப்பு, மரத்துக்குப் பச்சை, வானத்துக்கு நீலம் என்று பூசியவரின் ஊகம்தான் அங்கே இருக்கிறது. மதராஸ் ரயில்வேயின் பெட்டி நிறத்துக்கு அது சாட்சி ஆகாது.

வரவேற்பறைக்கு வண்ணம்தான் வேண்டும் என்பவர்கள் ஸ்கேனை அச்செடுத்து அதன்மேல் பூசிக்கொள்ளலாம். அசல் தப்பிக்கும்.

முழு இதழும் தொகுதியும்

ஒற்றைத் தாளில் ஒரு குறை: படம் ஒரு பக்கத்திலும் அதைப் பற்றிய கட்டுரை வேறு பக்கத்திலும் இருக்கலாம். முழு இதழ் வாங்கினால் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும். அதே வாரத்தில் லண்டன் எதையெல்லாம் செய்தியாக நினைத்தது, எந்த விளம்பரத்துக்குப் பக்கத்தில் மதராஸ் வந்தது என்பதும் தெரியும். ஆய்வாளருக்கு இது பெரிது. மற்றவர்கள் கட்டுரையை ஸ்கேனில் படித்துக்கொள்ளலாம். இதழைக் கட்டாமல் தனியாக வைத்திருந்த பிரதிகளில் வெளித்தாள் கிழிந்தே இருக்கும். இணைப்புப் பக்கங்கள் காணாமல் போவதும் சகஜம். பக்க எண்களை எண்ணிப் பார்க்காமல் ‘முழு இதழ்’ என்ற சொல்லை நம்பக் கூடாது. பக்க எண் ஒவ்வோர் இதழிலும் 1இல் தொடங்காது, தொகுதி முழுக்கத் தொடரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்த இதழ் ஆண்டுக்கு இரண்டு தொகுதி. 1856க்கு 28, 29 என்று எண். ஜூலை முதல் டிசம்பர் வரை 29. இராயபுரம் திறப்பைத் தேடுபவர் திறக்க வேண்டியது அதைத்தான். தாளுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் தொகுதியே மலிவு. ஆனால் கனம், அனுப்பும் செலவு, வைக்க இடம், ஒரே பக்கத்தை அடிக்கடி திறந்து முதுகு உடைவது என்று எல்லாம் சேர்ந்து அந்த மலிவைத் தின்றுவிடும். கட்டு உறுதியாக உள்ள தொகுதியை ஒரு படத்துக்காகப் பிரிக்காதீர்கள். ஏற்கெனவே பிரிந்த தாள்களே சந்தையில் தாராளமாகப் புழங்குகின்றன.

வேறு நிலையம் என்றால் கணக்கு மாறும்

மேலே சொன்னதெல்லாம் 1850களின் படத்துக்கு. 1873இல் திறந்த சென்ட்ரல் நிலையமும் மரச்செதுக்குக் காலத்துக்குள்தான் வரும். ஆனால் தாளின் தரம் இறங்கத் தொடங்கிவிட்டது. பம்பாய் விக்டோரியா டெர்மினஸ் 1888இல் முடிந்தது. அந்தப் பத்தாண்டில் இதழ்கள் புகைப்படத்தைப் புள்ளிகளாக்கி அச்சிடும் ஹாஃப்டோன் பிளாக்குக்கு மாறிக்கொண்டிருந்தன. 1908இல் திறந்த எழும்பூருக்கு வரும்போது படம் என்றால் அநேகமாக ஹாஃப்டோன் புகைப்படம்தான்.

ஹாஃப்டோன் நுணுக்கமாக வரவேண்டும் என்று களிமண் பூசிய பளபளப்புத் தாளில் அடித்தார்கள். அந்தத் தாளின் எதிரி நீர். ஒருமுறை நனைந்து காய்ந்தால் பக்கங்கள் செங்கல் போல ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் பூச்சோடு படமும் உரிந்து வரும். எழும்பூர் படத்தை வாங்கும்போது பக்க மூலைகளில் உரிந்த தடம் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. ஹாஃப்டோனில் லென்ஸ் சோதனையும் சிக்கலாகிறது, ஏனென்றால் அசலிலேயே புள்ளி வரிசை உண்டு. அசல் கறுப்பு மையில் ஒரே கோணத்தில் வரிசை பிடித்திருக்கும். அதை மறுபடி படமெடுத்து அடித்த நகலில் இரண்டு புள்ளி வரிசை மோதி, பட்டுத்துணி அலை போல ஒரு கோலம் விழும். நான்கு வண்ணத்தில் அடித்த நகல் என்றால் பூ வட்டம் போன்ற வண்ணப் புள்ளிக் கூட்டம் தெரியும்.

ஸ்கேனிலிருந்து அச்சு

1856இல் அச்சான படத்துக்குப் பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இந்தியச் சட்டப்படி படைப்பாளி மறைந்து 60 ஆண்டு வரைதான். பட முகவர்கள் கேட்கும் கட்டணம் அவர்கள் தரும் கோப்புக்கானது. பழைய படத்தின் உரிமைக்கானது என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற இடங்களில் கிடைக்கும் தொகுதிகளை பிடிஎஃப் ஆக எடுக்காதீர்கள். அதில் படங்களை நசுக்கியிருப்பார்கள். பக்கங்களின் மூலக் கோப்பு ஜேபி2 வடிவில் தனியாக இருந்தால் அதை இறக்குங்கள். சாம்பல் படியே இல்லாமல் கறுப்பு, வெள்ளை என்ற இரண்டே நிலையில் ஸ்கேன் செய்த தொகுதிகளும் உண்டு. அவற்றில் நுண்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, நிழல் எல்லாம் மசிக்கறையாகியிருக்கும். தள்ளிவிடுங்கள்.

அளவுக் கணக்கு எளிது. 40 × 28 செ.மீ. பக்கத்தை 600 பிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 பிக்சல்) ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 9,450 × 6,600 பிக்சல் வரும். இணையத்தில் சாதாரணமாகச் சிக்கும் 1,200 பிக்சல் அகலப் படம் 300 பிபிஐயில் 10 செ.மீ. அகலத்துக்குத்தான் தாங்கும், அதை 40 செ.மீ.க்கு இழுத்தால் கோடெல்லாம் படிக்கட்டாகும். இங்கே மரச்செதுக்குக்கு ஒரு பெருமை உண்டு: நல்ல ஸ்கேனாக இருந்தால் இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் கோடு கோடாகவே நிற்கும். ஹாஃப்டோனில் அது நடக்காது. ஓர் அங்குலத்துக்கு 133 வரிசை என்று அடித்த படத்தை இரட்டிப்பாக்கினால் 66 வரிசை. புள்ளிகள் கண்ணுக்கே தெரியும். எழும்பூரை அசல் அளவிலேயே அடியுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வைத்துப் பெரிதாக்கும் மென்பொருளை இதில் நம்ப முடியாது. குறுக்குக் கோட்டு நிழலை அது இரைச்சல் என்று நினைத்து வழித்தெடுக்கும். முகமே இல்லாத கூட்டத்துக்குப் புதிதாக முகம் வரையும்.

அசல் தாள் கையில் இருந்தால் நீங்களே ஸ்கேன் செய்யலாம். தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை ஒன்றை வையுங்கள். மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரிவது பெருமளவு அடங்கிவிடும். வெள்ளை மூடியோடு ஸ்கேன் செய்தால் அந்த எழுத்து வானத்தில் பேய் போல நிற்கும், பின்னால் அழிக்க நாள் கணக்கில் ஆகும். கறுப்பை முழுக் கறுப்புக்கு இழுத்துவிடாதீர்கள், கூர்மையாக்கும் வசதியைத் தொடவே தொடாதீர்கள்.

அச்சுக்குப் பருத்திக்கூழ் மேட் தாள், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அளவில், நிறமி மை. சாய மையில் அடித்தது சென்னை வெளிச்சத்தில் சீக்கிரம் நிறம் மாறும். தாளின் பழுப்பையும் சேர்த்து அடிப்பதா என்பதில் ரசனை வேறுபடும். வெள்ளைத் தாளின் நடுவே பழுப்புச் சதுரம் விழுந்தால் அது நகல் என்று கத்திச் சொல்லும். பழுப்பை நீக்கிவிட்டு, இயல்பிலேயே சற்று மஞ்சள் சாயலுள்ள தாளில் அடிப்பது கண்ணுக்கு உறுத்தாது.

சென்னைச் சுவரில் அசலை மாட்டினால்

தாளில் அச்சான படத்துக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் வெளிச்ச வரம்பு 50 லக்ஸ். ஜன்னலோரச் சுவர் பகலில் அதைப்போலப் பல மடங்கு வாங்கும். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிற்க வேண்டும்; கடலோர ஊரில் அது மழைக்காலம் முழுக்க 80ஐத் தொடும். அசலைச் சுவருக்குப் பரிந்துரைக்காததன் காரணம் இவ்வளவுதான்.

அப்படியும் மாட்டுவீர்கள் என்றால், பிரேம் கடையில் முதலில் சொல்ல வேண்டியது: ஒட்டக் கூடாது. ஹார்டுபோர்டில் வெள்ளைப் பசை தடவிப் படத்தை அப்படியே ஒட்டிவிடுவது பல கடைகளின் வழக்கம். ஒட்டியபின் திரும்ப வழியில்லை. அமிலமில்லாத மவுண்ட் போர்டு, முன்னும் பின்னும். தாளின் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு ஜப்பானியத் தாள் கீற்றுகள், கோதுமை மாவுச்சத்துப் பசையில். பசையைக் கடுகளவு தடவினால் போதும். மிஞ்சினால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. பக்கவாட்டில் 6 செ.மீ., மேலே 6, கீழே 7 என்று மவுண்ட் விட்டால் நெடுவாட்டுத் தாளுக்கு 40 × 53 செ.மீ. பிரேம் வரும். படம் அரைப்பக்கம்தான் என்றால் மேலும் கீழுமுள்ள எழுத்தை மறைக்கச் சொல்லாதீர்கள். இதழ்ப் பக்கம் இதழ்ப் பக்கமாகத் தெரிவதுதான் அழகு. கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் இன்னும் நல்லது. பிரேமின் பின்மூலைகளில் அரை செ.மீ. ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்று ஓடும். மழை நேராக அடிக்கும் வெளிச்சுவர், குளியலறைக்கு முதுகான சுவர் இரண்டும் கூடாது.

மாட்டாமல் வைப்பவர்களுக்கு வேலை குறைவு. பாலியஸ்டர் உறையில், காரத்தன்மை சேர்த்த தாள் ஒன்றைப் பின்துணையாகச் செருகி, தட்டையாக வையுங்கள். பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் ஒட்டும். நான்கு பக்கமும் உருக்கி மூடினால் தாள் விடும் அமிலம் உள்ளேயே சுற்றும். இரண்டு பக்கம் திறந்திருக்கட்டும். ஓலைச்சுவடிக்கு வைப்பது போல வசம்பு வைக்க ஆசைப்பட்டால் பெட்டியின் மூலையில் துணிப் பொட்டலமாக, தாளைத் தொடாமல்.

பணம் அனுப்பும் முன்

விற்பவரிடம் நான்கு படம் கேளுங்கள்: நான்கு ஓரமும் தெரியும் முழுத்தாள், பின்பக்கம், அளவுகோலோடு ஒரு படம், தலைவரியின் நெருக்கப் படம். பின்பக்கப் படம் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். 1850களின் தாளை 10 செ.மீ.க்குக் குறையாத விட்டமுள்ள குழாயில் சுருட்டி அனுப்பலாம். 1890களின் தாளும் எழும்பூரின் பளபளப்புத் தாளும் சுருட்டினால் உடையும்; இரண்டு நெளிவு அட்டைகளை, வரிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி வைத்து, நடுவில் தட்டையாக வரவேண்டும்.

இந்தியாவுக்குள் வந்த அசலை மறுபடி வெளிநாட்டுக்கு எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டத்தை மறக்காதீர்கள். நூறாண்டு கடந்த கலைப்பொருள் அதன் வரையறைக்குள் வரும். விமான நிலையத்தில் வாதாடுவதைவிட, முன்கூட்டியே தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் கேட்டுப் பார்ப்பது நல்லது.

அசலை மாட்டியவர்கள் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், மார்கழி வெயிலில் ஒரு நாள் பிரேமைக் கழற்றிப் பின்பலகையைத் திறந்து பாருங்கள். மவுண்டின் வெட்டுவிளிம்பில் அரிசி அளவு சுரண்டல் தெரிந்தால் பூச்சி உள்ளே வந்துவிட்டது. தாள் நெளிந்திருந்தால் ஈரம் வந்துவிட்டது. இரண்டில் எதுவானாலும் அசல் பெட்டிக்குப் போகட்டும், அதே பிரேமில் ஸ்கேன் அச்சை வையுங்கள்.